பாடத்தில் சேர்ந்துவிட்ட குனிவு

எண்பதுகளின் நடுவில், ஈப்போவில் ஒரு கோல்ஃப் கிளப்பில் ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்குத் தற்காலிகமாகக் கிடைத்தது. அதற்கு முன்பு பத்து வருடத்துக்கு மேல் அங்கேயே புல் வெட்டும் வண்டி ஓட்டினேன். சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு, உறுப்பினர்கள் வேண்டாமென்று போட்ட மட்டைகளால் அடித்துப் பழகினேன். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவனுக்கு அதுதான் மேல்படிப்பு. பழைய பயிற்சியாளர் சிங்கப்பூருக்குப் போனதும், "கொஞ்ச நாளைக்கு நீ பாரு," என்றார் கிளப் செயலாளர். அவர் டவுனில் பிறந்த கிறிஸ்தவத் தமிழர். குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே எனக்கு அவரைக் கண்டால் பயம்.

புல் வண்டியின் அதிர்வில் என் விரல்கள் மரத்துப் போயிருந்தன. சட்டைப் பொத்தான் போடக்கூட நேரம் எடுத்தது. இன்னும் ஓட்டினால் பிடியே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே இந்த வேலை நிலைக்குமா நிலைக்காதா என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு யோசனை கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் அந்த ஜப்பான்காரர் வந்தார். லகாட் பக்கம் புதிதாக வந்த தொழிற்சாலையில் இயந்திரம் பொருத்த வந்த இஞ்சினியர். கிளப்புக்கு விருந்தாளி. அவருக்கு மலாய் தெரியாது, ஆங்கிலத்தில் நாலைந்து சொல். எனக்கு ஜப்பான் மொழி தெரியாது, ஆங்கிலம் அவரைவிடக் கொஞ்சம் கூட.

"அவரு திருப்தியா இருந்தா உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி கமிட்டிகிட்ட பேசுறேன்," என்றார் செயலாளர்.

"இல்லாட்டி சார்?"

"இல்லாட்டி வண்டி இருக்கே லா."

என்னோடு புல் வெட்டிய நண்பன் ஒருவன், சிலிபினில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவன், விழுந்து விழுந்து சிரித்தான். "பேச்சு புரியாதவனுக்குப் பேச வராதவன் பாடம். நல்லா இருக்கு மச்சான்."

இஞ்சினியர் தன்னோடு ஒரு வீடியோ கேமரா கொண்டுவந்திருந்தார். தோளில் தூக்கிவைத்துப் பிடிக்கிற பெரிய சாமான். முதல் நாள் என்னை அடிக்கச் சொல்லிப் படம் பிடித்துக்கொண்டார். பிறகு கேமராவை முக்காலியில் வைத்துவிட்டுத் தானும் அடித்தார். இரவில் விடுதியில் அந்தப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார் போலிருக்கிறது. மறுநாள் வரும்போது நான் சொல்லாததெல்லாம் அவர் உடம்பில் ஏறியிருக்கும். மட்டையைப் பிடிக்கும் விதம், கால் வைக்கும் அகலம், எல்லாம் என்னைப் போலவே. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. மழை வந்துவிடுமோ, அவர் மணிக்கட்டு பிசகுமோ, பந்து யார் மேலாவது படுமோ என்று நின்றுகொண்டிருந்தேன்.

ஆனால் அவர் அடி சரியாக விழவில்லை. நாளாக ஆக மோசமானது. மட்டை பந்தின் தலையில் பட்டு, பந்து கோழிக்குஞ்சு மாதிரி தரையில் ஓடியது. மட்டை வரும் நேரத்தில் இடது தோளை இறக்கி, வலது காலைப் பின்னால் எடுத்து, கொஞ்சம் குனிந்தார். இதை எங்கே பிடித்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒருநாள் மழையில் ஆட்டம் நின்றது. இஞ்சினியர் கேமராவை கிளப் டிவியில் மாட்டினார். வீடியோ அப்போது எல்லோருக்கும் வேடிக்கை. சமையல்கட்டு ஆட்கள்கூட வாசலில் வந்து நின்றார்கள். முதலில் நான் அடித்த படம் ஓடியது. என்னை நான் டிவியில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பந்து நன்றாகத்தான் போனது. ஆனால் மட்டை சுற்றி முடியும் முன்பே நான் இடது தோளை இறக்கி, வலது காலைப் பின்னால் வைத்து, கேமரா பக்கம் பார்த்துக் குனிந்தேன். அடுத்த அடியிலும் அதேதான். எல்லா அடியிலும்.

நண்பன்தான் முதலில் வாயைத் திறந்தான். "அடேய், பந்து அடிக்கிறியா, தொரைகிட்ட லீவு கேக்குறியா?"

சிரிப்பு எழுந்தது. அடுத்து இஞ்சினியர் அடித்த படம். அதே தோள், அதே கால், அதே குனிவு.

"ஐயோ, அவனையும் தோட்டத்து ஆளாக்கிட்டான் பாரு!"

கோப்பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் இடத்துக்குத் துரை வரும்போது, என் அப்பா அப்படித்தான் நிற்பார். தோளில் கிடக்கும் துண்டு தானாக நழுவட்டும் என்று தோளை இறக்குவார், ஒரு கால் பின்னால் போகும். அந்தத் தோட்டத்தை முதலாளிகள் துண்டு துண்டாக விற்றுவிட, நாங்கள் டவுனுக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. என் தோளில் துண்டு கிடையாது. அப்பாவைப் போல நான் நிற்கிறேன் என்று யாரும் சொன்னதும் கிடையாது. வெட்கமோ கோபமோ வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. டிவியின் ஓரத்தில் ஒரு பல்லி இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் இஞ்சினியரிடம் சொல்லிப் பார்த்தேன். குனிந்து காட்டி, "திஸ் நோ கோல்ஃப்," என்றேன். அவர் தலையாட்டிவிட்டு இன்னும் பக்குவமாகக் குனிந்தார். மறுபடி என்னைப் படம் பிடிக்கச் சொல்லி, நிமிர்ந்தே அடித்துக் காட்டப் பார்த்தேன். கேமரா என் பக்கம் திரும்பியதும் கால் தானாகப் பின்னால் போனது. கேமரா எதையும் விடாமல் பிடித்தது. எது பாடம், எது என் வீட்டுப் பழக்கம் என்று பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும், சொல்ல பாஷை இல்லை.

சனிக்கிழமை காலையில் செயலாளரே பார்க்க வந்தார். குடையை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நின்றார். இஞ்சினியர் அடித்தார், குனிந்தார், பந்து உருண்டது. செயலாளர் என்னைப் பார்த்தார். நான் குனிந்தேன்.

"என்னப்பா இது, ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கும்பிடுறீங்க?"

இன்னொரு தடவை பந்தை வைத்தேன். முன்னால் நின்றால் இஞ்சினியர் என்னைப் பார்ப்பார், பார்த்தால் நான் செய்வதையே செய்வார். உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போனேன். இடது தோளில் ஒரு கையை வைத்தேன். மற்றதை இடுப்பில். விருந்தாளியை, அதுவும் துரை மாதிரி ஒருவரை, நான் தொட்டதே இல்லை. அவர் கழுத்து விறைத்தது. செயலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் விரல்களுக்கு இஞ்சினியரின் சட்டைத் துணிகூடச் சரியாகத் தெரியவில்லை, எலும்பு மட்டும் தெரிந்தது. மெதுவாக அவரைத் திருப்பினேன், திரும்பி முடியும்வரை தோளை இறங்க விடவில்லை. பந்து இல்லாமலே சிலமுறை. கழுத்து இளகியது. பிறகு கையை எடுத்துக்கொண்டு, பின்னாலேயே தள்ளி நின்றேன்.

அவர் அடித்தார். குனியவில்லை. பந்து எழும்பிப் போய் தூரத்து மரத்தைத் தாண்டியது. அடுத்ததும்.

"ஆளைத் தொட்டுட்டியே," என்றார் செயலாளர்.

"சாரி சார்."

"எதுக்கு சாரி? பந்து போகுது லா."

இஞ்சினியர் திரும்பி என்னைத் தேடினார். நான் அவர் முதுகுக்குப் பின்னாலேயே நகர்ந்துகொண்டேன்.

அடுத்த வாரம் வேலை எனக்கே என்றார்கள். "வாத்தியாரே, காபி வாங்கித் தா," என்றான் நண்பன். வாங்கித் தந்தேன். மனைவியிடம் சொன்னபோது அவள் அழுதாள். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த எல்லோருக்கும் பின்னால் நின்றுதான் சொல்லிக்கொடுத்தேன். சிலர் சொந்தமாகக் கேமரா கொண்டுவந்தார்கள், எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். பின்னால் நின்று சொல்லிக்கொடுப்பது நானே கண்டுபிடித்த முறை என்று உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். முன்னால் வந்து ஒரு அடி அடித்துக் காட்டுங்கள் என்று கேட்டவர்களிடம் இடுப்பு வலி என்றேன்.