அந்தோணிராஜ் கேட்டு வாங்கிய சுவர்

பாரிவாக்கத்தில், ஏரியின் உபரிநீர்க் கால்வாயை ஒட்டிக் குடியிருக்கும் அந்தோணிராஜின் பெயரோடு சுவரும் ஒட்டிக்கொண்டுவிட்டது. 'சுவர் அந்தோணி' என்றால்தான் ஆட்டோக்காரருக்கே வீடு தெரியும். இரண்டு வெள்ளத்தில் வீடு மூழ்கிய பிறகு, கால்வாயை நேராக்கி இரு கரையிலும் கான்கிரீட் சுவர் எழுப்பச் சொல்லி மனிதர் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. காரணம் மனைவி சாராள். இன்னொரு தடவை வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் பூந்தமல்லியில் மகள் வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். சும்மா பயமுறுத்துகிற ஆளில்லை அவள்.

சுவர் வந்தது. பூசணிக்காயும் உடைத்தார்கள், பாஸ்டரும் ஜெபம் பண்ணினார். எந்தப் பக்கமும் குறை வைக்கவில்லை. தெருத் தண்ணீர் கால்வாயில் இறங்குவதற்குச் சுவரின் அடியில் ஓட்டைகள் விட்டிருந்தார்கள். கோடையில் அவற்றின் வழியே நாற்றமும் கொசுவும் பெருச்சாளியும் வந்தன. தெருவே அந்தோணிராஜைத்தான் பிடித்துக்கொண்டது.

"கால்வா தண்ணி உள்ள வர்றதுக்கும் அதானே வயி, அண்ணாத்தே?" என்று எதிர்வீட்டு மதுரைவீரன் எடுத்துக் கொடுத்தான். அன்றைக்கே அந்தோணிராஜ் சிமென்ட் குழைத்து ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தார். அவர் கை வைத்தால் எதுவும் கெட்டியாகத்தான் இருக்கும்.

வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டிய வாரம் மழை பிடித்தது. விடிந்து பார்த்தால் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். சுவர் உடைந்துவிட்டதென்று ஓடினார். உடையவில்லை. ஏறி எட்டிப் பார்த்தார். கால்வாயில் தண்ணீர் பாதிச் சுவர்கூட இல்லை. நேராக, ஒழுங்காக, அவர் கேட்டபடியே ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் பெய்த மழைதான் போக்கிடம் இல்லாமல் இந்தப் பக்கம் நின்றது.

கடப்பாரையோடு இறங்கினார். கலங்கிய தண்ணீரில் ஓட்டைகள் இருந்த இடமே தட்டுப்படவில்லை. தட்டுப்பட்ட ஒன்றும் பெயரவில்லை. பாவி மனுஷன், ஒரு சட்டி சிமென்ட்டாவது குறைத்துப் போட்டிருக்கக் கூடாதா?

சாராள் பையோடு வெளியே வந்தாள். மொட்டைமாடிப் படியில் ஏறி நின்று சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

"கால்வா தண்ணி வர்ல. நம்ம தண்ணிதான் போறதுக்கு வயி இல்லாம நிக்குது," என்றாள்.

வீட்டுச் சாவியை அவர் சட்டைப்பையில் போட்டுவிட்டு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு மெயின் ரோட்டுப் பக்கம் நடந்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது? தண்ணீர் வராது என்று சொல்லித்தானே இத்தனை நாளும் அவளை நிறுத்தி வைத்திருந்தார். குனிந்து மறுபடியும் கடப்பாரையால் குத்தினார். சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை.