இரண்டு அண்ணாச்சிகளும் ஓர் ஊசியும்

மட்டாஞ்சேரியில் மிளகு மூட்டை சுமந்து சுமந்து எனக்குக் குடல் இறங்கிவிட்டது. இறங்கி ஆறு மாதம் வரை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய இடத்திலா அது இறங்கியது? கடைசியில் மனைவியே கண்டுபிடித்து, பாலம் தாண்டி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

வார்டில் எட்டுக் கட்டில்கள். எனக்கு ஜன்னலோரம் மூன்றாம் நம்பர். மணிக்கட்டில் என் பெயர் எழுதிய பிளாஸ்டிக் பட்டை ஒன்றை மாட்டினார்கள். மாட்டிய பிறகு அந்தப் பெயரை யாரும் தொடவில்லை. இங்கே தமிழ் பேசுகிறவன் எவனானாலும் அண்ணாச்சிதான். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிறது. நான் நாலாம் வகுப்பு வரை படித்ததும் மலையாளத்தில்தான். அதற்கெல்லாம் தள்ளுபடி கிடையாது.

பக்கத்து நாலாம் நம்பரில் இன்னொரு அண்ணாச்சி. தேனிப் பக்கத்திலிருந்து வந்து பிராட்வே கடைத்தெருவில் துணி விற்கிறவர். சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். என் ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இந்தக் காத்தாடி நேரா எந் தலைக்கு மேல சுத்துது. எனக்குக் குளிரு ஆகாது. நீ நல்லா திடமா இருக்குற ஆளு, இங்க வந்து படுத்துக்க.”

மறுநாள் வயிற்றைக் கிழிக்கப்போகிற ஆளைத் திடமான ஆள் என்று சொல்ல ஒரு பார்வை வேண்டும். முடியாது என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். அவரிடம் பார்வை இருந்தது, என்னிடம் வாய் இல்லை. தலையணையைத் தூக்கிக்கொண்டு நாலாம் நம்பருக்குப் போனேன், அவர் மூன்றாம் நம்பருக்கு வந்தார். யாரிடமும் சொல்லவில்லை. கட்டில் மாறினால் வியாதியும் மாறும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

காலையில் வந்தது புது சிஸ்டர். வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் நாளாம். வெள்ளை ஷூவில் இன்னும் ஒரு கறைகூட இல்லை. பட்டினி கிடக்கிறவன் முன்னால் குடிக்க மனமில்லாமல் என் மனைவி கேன்டீனுக்குச் சாயா குடிக்கப் போயிருந்தாள். சிஸ்டர் தட்டோடு வந்து, “நாலாம் நம்பர் அண்ணாச்சியல்லே?” என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். படுத்திருப்பது நாலாம் நம்பர். நான் அண்ணாச்சி. இரண்டும் உண்மைதான். தலையாட்டினேன். பட்டை மாட்டிய கை போர்வைக்குள் இருந்தது. வயிற்றில் ஊசி போட்டுவிட்டு, குறித்துக்கொண்டு போனாள். ஆபரேஷனுக்கு முன்னால் மரத்துப்போக வைக்கிற ஊசி என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அரை மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. மேலே காற்றாடி இரண்டாகச் சுற்றியது. தலைமாட்டில் கூப்பிடுகிற மணி இருந்தது. ஆனால் வேர்க்கிறது என்பதற்காக வேலையில் இருக்கிற பெண்ணைக் கூப்பிடுவது மரியாதையா? இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் மரியாதையோடு போய்ச் சேர்ந்திருப்பேன்.

காப்பாற்றியது பக்கத்து அண்ணாச்சியின் பசி. கேன்டீன் பையன் நம்பரைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்து அவருக்கு இட்லி வைத்துவிட்டுப் போயிருந்தான். “சிஸ்டர், ஊசி போடாம இட்லிய மட்டும் கொண்டாந்து வச்சா எப்படித் திங்குறது?” என்று சத்தம் போட்டார்.

அவள் நின்றாள். அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஓடிவந்து போர்வையை விலக்கி என் மணிக்கட்டைப் படித்தாள். வெளிறிப்போக வேண்டியவன் நான், வெளிறியது அவள் முகம். ஆனால் கை நிற்கவில்லை. விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தாள், டாக்டருக்குச் சொன்னாள். டாக்டர் வந்து குழாய் வழியாகக் குளுக்கோஸ் ஏற்றியதும் காற்றாடி மறுபடி ஒன்றானது.

பிறகு மூத்த சிஸ்டர் வந்தார். அனுபவசாலி. எதை எழுத வேண்டும் என்பது புதியவர்களுக்குத் தெரியும், எதை எழுதக் கூடாது என்பதற்குத்தான் அனுபவம் வேண்டும். பட்டினி கிடந்தவருக்குத் தலை சுற்றியது, அவ்வளவு எழுதினால் போதும் என்றார். இன்சுலின் என்று எழுதினால் இன்றைக்கே வேலை போய்விடும் என்றும் சொன்னார். எனக்குக் காது கேட்காது என்று நினைத்திருப்பார். பேசாதவனைப் பற்றி எல்லோருக்கும் அந்த எண்ணம் உண்டு.

அந்தப் பெண் அழுதுகொண்டே, “ஞான் செய்தது ஞான் தன்னே எழுதணும், சேச்சி,” என்றாள். எழுதினாள். அவளை நர்ஸிங் சூப்பரண்டின் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

அரை மணி நேரம் காற்றாடியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பிறகு எழுந்து, குளுக்கோஸ் தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். கேன்டீனிலிருந்து திரும்பியிருந்த மனைவி எங்கே போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தாள். அறை வாசலில் என் வழக்கப்படி யாராவது கதவைத் திறக்கும் வரை நின்றேன். திறந்தபோது சூப்பரண்டம்மாவிடம் சொன்னேன்: கட்டில் மாறியது நாங்கள், அந்தப் பெண் கேட்டாள், நான் தலையாட்டினேன். என் வாழ்க்கையில் நான் பேசியதில் அதுதான் நீளமானது.

அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். தவறு நோயாளியுடையது என்று வேகமாக எழுதத் தொடங்கினார்.

“கையில உள்ள பேரு ஞான் நோக்கியில்ல, மேடம். அதும் எழுதணும்,” என்றாள் அந்தப் பெண்.

“கேட்டாங்க, நான்தான் ஆமான்னு தலையாட்டினேன்,” என்றேன்.

“தலையாட்டினா போதாது. பேரு என்னன்னு கேட்டு, ஆளையே சொல்ல வைக்கணும். எங்களுக்கு முதல் பாடம் அதாணு.”

குற்றத்துக்கு இரண்டு பேர் போட்டி போட்டு அந்த அம்மா பார்த்ததில்லை போலும். பேனாவை மூடி வைத்தார். இரண்டு பேரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு வந்தீர்களா என்று கேட்டார். அந்த அறைக்கு வரும் வரை நான் அவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. கடைசியில் இரண்டையும் எழுதினார். வேலை போகவில்லை. ஆனால் ஒரு மாதம் அவள் தனியாக மருந்து கொடுக்கக் கூடாது, அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்ய வேண்டும். அதற்குத் தேர்ந்தெடுத்தது யாரை என்று கேட்கிறீர்களா? எழுத வேண்டாம் என்ற அதே மூத்த சிஸ்டரைத்தான்.

என் ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. மறுபடி பட்டினி. கட்டிலில் வந்து படுத்ததும் மனைவி ஆரம்பித்தாள்.

“கல்யாணம் கழிஞ்சு இருபத்திரண்டு வருஷம் வாய் திறந்து ஒரு காரியம் சொன்னதில்ல. இன்னிக்குத் திறந்தீங்களே, தன் பேர்லயே புகார் கொடுக்கவா?”

மருந்துத் தட்டோடு நின்ற அந்தப் பெண் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். பக்கத்தில் நின்ற மூத்த சிஸ்டர் முறைத்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தேனி அண்ணாச்சியின் கையைப் பிடித்துப் பட்டையைத் திருப்பி, பெயர் என்ன என்று கேட்டாள். காலையிலிருந்து பார்க்கிறாயே, தெரியாதா என்று அவர் கோபித்துக்கொண்டார். சொல்லும் வரை அவள் ஊசியை எடுக்கவில்லை.