மருந்தடிக்காத புல்

காலை ஏழு இருபது. பசறையில் பதுளை பஸ்ஸில் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டவை, ஒரு கூடைக்கு வெளியே தெரிந்த இரண்டு வெள்ளைக் காதுகள். கூடையை மடியில் வைத்திருந்த பெண்ணின் விரல்கள் தேயிலைக் கொழுந்து பறித்துக் கறுத்திருந்தன. வளைவுக்கு வளைவு அவர் குனிந்து, முயலின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார்.

“என்னம்மா கேக்குறீங்க?”

“வயிறு சத்தம் போடுதான்னு பாக்குறேங்க. ரெண்டு நாளா தின்னல, புழுக்கையும் போடல. டாக்டர்கிட்ட கொண்டுபோறேன்.”

“என்ன குடுத்தீங்க?”

“ரொட்டிதான். நாங்க திங்கிறது.”

“முயலுக்குப் புல்லுதானே நல்லது?”

அவர் என்னை அலுப்புடன் பார்த்தார். “தோட்டம் முழுக்கப் புல்லுதாங்க. எல்லாம் களைக்கு மருந்தடிச்ச புல்லு. முந்தின முயலு அதைத் தின்னுதான் செத்துச்சு.”

பதுளையில் நானும் அவரோடு மிருக வைத்தியரிடம் நடந்தேன். யாழ்ப்பாணத்து டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்து, வாயில் மருந்து ஊற்றினார்.

“தப்பும். ஆனா இனிப் புல்லு மட்டும் குடுங்கோ அம்மா. மாச் சாமான் ஒண்டும் வேண்டாம்.”

“சரிங்க ஐயா.”

வெளியே வந்தவர் கூடையை என்னிடம் தந்துவிட்டு, மதிலோரத்துப் புல்லை இரண்டு கைகளாலும் பறித்து முந்தானையில் போட்டார்.

இரண்டு நாளைக்குப் போதுமான புல் சேர்ந்தது.