குழல்கள் கடலைப் பார்த்திருந்தன

செவ்வாய்க்கிழமை காலை, ஸ்ட்ரெதமில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது அபிராமியின் அழைப்பு வந்தது. “அங்கிள், அப்பா போயிட்டார். நித்திரையிலையே. அம்மா தேத்தண்ணி கொண்டுபோய் எழுப்பினவ, எழும்பேல்லை.” நம்மில் பலர் ரேடார் அண்ணை என்று அழைத்த சதானந்தன் மறைந்த செய்தி எனக்கு இப்படித்தான் கிடைத்தது. துக்கத்துக்கு முன்னால் எனக்குள் வந்தது ஒரு ஆறுதல். அதை எழுதுவது முறைதானா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவரை அறிந்த உங்களுக்குக் காரணத்தைச் சொல்லிவிடுவதே சரியென்று படுகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, ரேடார் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஓய்வுபெறும்வரை வேலை செய்தவர் அவர். ஓய்வுக்குப் பின் ஒரு சிறிய தீவு நாடு ஒரு நிறுவனத்தின் மூலம் அவரை அழைத்தது. அயலில் நடந்த சண்டையிலிருந்து வழிதவறிய ஆளில்லா விமானங்கள் அதன் துறைமுகத்தில் விழுந்து ஆட்கள் இறந்திருந்தனர். அந்த நாட்டிடம் ஒரு போர்விமானம்கூட இல்லை. பழைய ரேடார் ஒன்றும் சில பீரங்கிகளும் வாங்கி, ஒரு வான்பாதுகாப்பு அணியை முதலிலிருந்து கட்டவேண்டும். நாட்டின் பெயரை எழுதவேண்டாம் என்று அண்ணை கேட்டிருந்தார். இப்போதும் எழுதவில்லை.

போவதற்கு முதல் வாரம் அவர் வசித்த சட்டன் நகரில் ஒரு தமிழ்க் கடையில் அவரைக் கண்டேன். கடைக்காரர் அவரைச் சீண்டிக்கொண்டிருந்தார். “உங்களுக்கு மேலை குண்டு போட்டாங்கள் எண்டு ஓடிவந்தனீங்கள். இப்ப ஆருக்கோ பீரங்கி பூட்டப் போறியளாம்?”

“ஓம். மேலை வாறதைத் தடுக்க ஒருத்தரும் இல்லாமல் பங்கருக்கை கிடந்தனான். அதாலைதான் போறன்.”

நான் செய்தியாளன், கேட்காமல் இருக்க முடியவில்லை. “அண்ணை, அவங்கள் ஒருநாள் பிழையாய் ஒரு பயணிகள் விமானத்தைச் சுட்டுப்போட்டால்?”

கறிவேப்பிலைக் கட்டைக் கூடைக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “அண்டைக்கு என்ரை வீட்டை வாரும். பதில் சொல்லுறன்.”

அணிக்குக் கிடைத்தவர்கள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்களும் சுங்கத்தில் இருந்தவர்களும். கெட்டிக்காரர்கள். ஆனால் அந்த வானத்தில் குறிபார்த்துப் பழகுவதற்கு, நாளுக்கு இரண்டு முறை வந்துபோகும் பயணிகள் விமானத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. குண்டேற்றாத பீரங்கியை அதன் பின்னால் திருப்பித் திருப்பிப் பழகினார்கள். அண்ணை அங்கே போய் இறங்கிய இரண்டாம் நாளே அதை நிறுத்திவிட்டார். குண்டில்லாத வெறும் துவக்குத்தானே என்றார்களாம். “துவக்கு வெறும் துவக்குத்தான். பழகிற கை வெறுங்கை இல்லை” என்பது அவர் பதில்.

பிறகு எதைப் பார்த்துப் பழகுவது? பட்டத்தை. ஆள் உயரப் பெட்டிப் பட்டம் கட்டி, ரேடாரில் தெரிவதற்காகச் சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றி, வேகப்படகின் பின்னால் ஏற்றினார். “இஞ்சை கடையிலை கிடந்த அலுமினியப் பொயில் முழுக்க வாங்கிக்கொண்டு போனவர்” என்று அவருடைய மனைவி மங்கையக்கா சொல்லிச் சிரிப்பார். “எயார்போட்டிலை கேட்டவங்களாம், என்ன, கலியாணச் சமையலோ எண்டு.” பட்டத்தால் பயிற்சி பல மாதம் பிந்தியது. அவரை அனுப்பிய நிறுவனம் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டது. அவர் அசையவில்லை. இன்னொரு பாடமும் வைத்தார்: ரேடாரில் தெரிவது என்னவென்று தெரியாவிட்டால் முதலில் எடுக்கவேண்டியது டெலிபோன், விமான நிலையக் கோபுரத்தைக் கேட்கவேண்டும். அதைத் தினமும் செய்யவைத்தார்.

அவர் திரும்பி வந்த பிறகு, சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, அந்தக் கேள்வியின் நாள் வந்தது. அந்த நாட்டுக்குப் போன பயணிகள் விமானம் காணாமல் போய்விட்டது, அந்த நாட்டின் படையே சுட்டுவிட்டது என்று கைப்பேசிகளில் செய்தி பரவியது. நான் செய்தியை எழுதி, இன்னும் வெளியிடாமல், பிரிண்ட் எடுத்த ஒரு தாளோடு ரயிலேறிச் சட்டனுக்குப் போனேன்.

கதவைத் திறந்த அண்ணை கோட்டும் டையுமாக நின்றார். வீட்டுக்குள், கம்பளத்தின் மேல், சப்பாத்தோடு நின்றார். அந்த வீட்டில் யாரும் சப்பாத்தோடு ஓரடி வைத்ததில்லை. “விசாரணைக்குக் கூப்பிட்டால் உடனை போகவேணும்” என்றார்.

அபிராமி கைப்பேசியில் விமானங்களின் பாதையைப் பார்த்தபடி இருந்தாள். “அப்பா, ஃப்ளைட் இன்னும் காட்டேல்லை. கொமாண்டருக்கு ஒருக்கா அடியுங்கோவன்.”

“அடிக்கக்கூடாது. இப்ப அவன் கோபுரத்தோடை கதைக்கவேணும், என்னோடை இல்லை.” பிறகு என்னிடம் கை நீட்டினார். “எழுதிப்போட்டீரோ? தாரும்.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் வாசித்தார். பேனாவை எடுத்து, ‘ஏவுகணை’ என்று நான் எழுதியிருந்ததை வெட்டி, மேலே ‘பீரங்கி’ என்று எழுதினார். “ஏவுகணை அவங்களட்டை இல்லை. நடந்திருந்தால், நடந்தபடி வரட்டும்.” தாளை மேசையில் வைத்தார்.

மங்கையக்கா பொரித்துக் கொண்டுவந்த ரோல்ஸை யாரும் தொடவில்லை. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு தொலைபேசி அடித்தது, அணித் தளபதி. என்ன நடந்தது என்று அண்ணை கேட்கவில்லை. ஆங்கிலத்தில் ஒன்றை மட்டும் கேட்டார்: “பீரங்கிக் குழல்கள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தன?”

“கடலை, சேர்.”

விமானத்தில் மின்சாரம் முழுவதும் நின்றுபோயிருந்தது. வானொலித் தொடர்பும் இல்லை, ரேடாருக்கு அனுப்பும் அடையாளக் குறியும் இல்லை. தாழ்வாக, நேரே துறைமுகத்தை நோக்கி வந்திருக்கிறது. அணி குழல்களை அதன் பக்கம் திருப்பாமல் கோபுரத்தைக் கேட்டது. பயணிகள் விமானம் ஒன்று வரவேண்டும் என்றது கோபுரம். முன்பு கிரேன் ஓட்டிய ஒருவர் தொலைநோக்கியில் யன்னல் வரிசையைக் கண்டார். விமானம் அடுத்த தீவின் பழைய ஓடுபாதையில் இறங்கியது. எல்லோரும் உயிரோடு நடந்து இறங்கினார்கள்.

அண்ணை ரிசீவரை வைத்தார். மங்கையக்கா அவருடைய காலைப் பார்த்தார். “அப்ப சப்பாத்தைக் கழட்டுங்கோ. கார்ப்பெட் நாறப்போகுது.”

அண்ணை படிக்கட்டில் உட்கார்ந்து, நாடாவை அவிழ்த்து, இரண்டையும் கழற்றினார். பிறகு ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார். மேசையில் கிடந்த தாளைக் கிழிக்க நான் கை வைத்தேன். “கிழியாதையும்” என்றார், வாய் நிறைய. “நடக்கேல்லை எண்டதுக்கும் ஒரு கடுதாசி இருக்கட்டும்.”

என் கேள்விக்கான பதிலைத் தன் காதால் கேட்டுவிட்டுத்தான் அவர் போயிருக்கிறார். பஸ் நிறுத்தத்தில் எனக்குள் வந்த ஆறுதல் அதுதான். இத்தனை ஆண்டுகளில் நான் எழுதி அச்சேறாத செய்திகள் எத்தனையோ. அவற்றில் அந்த ஒரு தாளை மட்டும் மேசை லாச்சியில் பூட்டி வைத்திருக்கிறேன். அதில் என் பெயர் இருக்கிறது. அவருடைய ஒரு திருத்தம் இருக்கிறது. அதில் எழுதியிருக்கும் மிச்சம் எதுவும் நடக்கவில்லை.