மாமி சொல்லாத பெயர்

ஒரே ஆளை இரண்டு தரம் கல்யாணம் செய்துகொண்ட பெண்மணி டெல்லியில் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், நான் நேரில் போய் நமஸ்காரம் பண்ணிவிட்டு வருகிறேன். எனக்குத் தெரிந்து அனந்தலக்ஷ்மி மாமி ஒருத்திதான்.

கரோல்பாக்கில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மேலே, ஒற்றை அறையும் மொட்டைமாடியுமான பர்சாத்தியில் மாமியும் மாமாவும் இருந்தார்கள். குழந்தைகள் இல்லை. மாமி ஆள் குள்ளம், குரல் மட்டும் பெரிது. தெருவில் போகும் காய்கறி வண்டிக்காரனை மாடியிலிருந்தே மிரட்டி, முற்றாத வெண்டைக்காயாகப் பொறுக்கிப் போடவைப்பாள். அவள் பேசுகிற இந்தியில் ஆண்பால் பெண்பால் வித்தியாசமெல்லாம் கிடையாது. எல்லோரும் ஒன்று, எல்லோருக்கும் திட்டு. எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும்.

மாமா ராமசுப்ரமணியன் புசா ரோடு பக்கம் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். யுத்த காலத்தில் விமானத்திலிருந்து பாராசூட் கட்டிக்கொண்டு குதிக்கும் படையில் இருந்தாராம். காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போடும் வேலையாம். பர்மா எல்லையில் ஜப்பான்காரர்களிடம் பிடிபட்டாராம். இத்தனை 'ஆம்' போடுவதற்குக் காரணம் இருக்கிறது. பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறச் சொன்னால், "நீ ஏறு விஜி, நான் ஸ்டூலைப் பிடிச்சுக்கறேன்" என்று என்னிடம் சொல்கிற மனிதர் ஆகாயத்திலிருந்து குதித்தார் என்றால் யார் நம்புவார்கள்?

எழுபத்தெட்டாம் வருஷம் அவருடைய இடது கால் தொந்தரவு கொடுக்க ஆரம்பித்தது. சிறை முகாமில் முறிந்து, சரியாகச் சேராமல் போன எலும்பு, உள்ளுக்குள் சீழ் பிடித்துவிட்டது. அவர் வேலை பார்த்த டாக்டரே வந்து பார்த்தார். ராணுவ ஆஸ்பத்திரியில் இந்த மாதிரி எலும்புக்குக் கைதேர்ந்த சர்ஜன் இருப்பதாகவும், போரில் பட்ட காயம் என்று சர்வீஸ் ரெக்கார்டில் இருந்தால் அங்கே சேர்த்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார். இல்லாவிட்டால் காலை எடுக்கவேண்டி வரும். மாமாவிடமோ ராணுவத்தில் இருந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

நான் மத்திய சர்க்கார் குமாஸ்தா. ஃபைலைத் தொலைப்பது எப்படி என்றும் தெரியும், தொலைந்ததைத் தேடுவது எப்படி என்றும் தெரியும். விஜயலக்ஷ்மி இருக்கிறேன், கவலைப்படாதீர்கள் என்று பெரிதாகச் சொல்லிவிட்டு, மாமாவின் பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் எழுதிக்கொண்டு கன்டோன்மென்ட்டில் ராணுவ அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். அங்கே இருந்த கட்வால் மலைப்பக்கத்து சுபேதார் நல்ல மனிதர். எங்கெங்கோ எழுதிக் கேட்டார். ராமசுப்ரமணியன் என்று அந்தப் படையில் யாரும் இருந்ததே இல்லை என்று பதில் வந்தது. மறுபடியும் தேடச் சொன்னேன். மறுபடியும் அதே பதில்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வெயிலில் பஸ் பஸ்ஸாக மாறி அலைந்தது நான். நேரே மாடிக்குப் போனேன்.

"மாமா, உண்மையைச் சொல்லுங்கோ. நீங்க நிஜமாவே குதிச்சேளா?"

மாமா சிரித்தார். "குதிச்சவன் வேற ஒருத்தன்டி. அவன் போயிட்டான். எனக்கு முப்பத்திரெண்டு வயசுதான் ஆறது."

வழுக்கைத் தலையை வைத்துக்கொண்டு முப்பத்திரண்டு வயசாம்! நான் வாயைத் திறப்பதற்குள் மாமி என் கையைப் பிடித்து இழுத்துப்போய் அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"கத்தாதே. சொல்றேன். ஊர்ல, கல்லிடைக்குறிச்சிக்குத் தந்தி வந்தது. ஆளைக் காணலை, செத்திருக்கலாம்னு. மாமனார் நாலு பேரைக் கேட்டார். தர்ப்பையால ஆள் மாதிரி பண்ணி எரிச்சு, கர்மமெல்லாம் பண்ணிட்டா. அப்போ எனக்குப் பதினேழு. தாலியை எடுத்துட்டா."

தேங்காய் வாங்கின கணக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"ஒரு வருஷம் கழிச்சு, கம்பை ஊன்றிண்டு தெருக்கோடியில வந்து நிக்கறார். ஓடிப்போய்ப் பார்க்கக்கூட என்னை விடலை. கர்மம் ஆனவனை அப்படியே ஆத்துக்குள்ள சேர்க்கப்படாது, புதுசாப் பொறக்கணும்னுட்டார் வாத்தியார். ஸ்நானம் பண்ணிவெச்சு, மாமியார் மடியில கெடத்தி, நாக்குல தேன் தடவினா. இத்தனை பெரிய மீசையோட குழந்தை! எனக்குச் சிரிப்பு வரது, அழுகையும் வரது. அப்புறம் புதுப் பேர் வெச்சா, பூணல் போட்டா, மறுபடியும் எனக்கே கல்யாணம் பண்ணிவெச்சா."

"அப்போ ராமசுப்ரமணியன்ங்கறது..."

"அன்னிக்கு வெச்ச பேர். பழைய துணிமணி, பட்டாளத்துக் காகிதம் எல்லாத்தையும் தாமிரபரணியில விட்டாச்சு. செத்தவன் பேரை இனிமே யாரும் சொல்லப்படாது, சொன்னா மறுபடியும் போயிடுவான்னு மாமியார் சொன்னா. யார் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டேன்னு அவரும் அம்மாகிட்டே சத்தியம் பண்ணிட்டார்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யுத்தம் முடிந்த பிறகு பிறந்த ஆளை யுத்தத்தில் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம். இதைவிட அழகாக ஒரு ஃபைலை யாராலும் தொலைக்க முடியாது.

"சரி மாமி, பழைய பேரைச் சொல்லுங்கோ. நாளைக்கே போறேன்."

"போடி. ஒரு தரம் அந்தப் பேருக்குத் தந்தி வந்துதான் என் கழுத்து வெறுங்கழுத்தாச்சு. நான் சொல்லமாட்டேன்."

மாமி கடைக்குப் போன நேரம் பார்த்து மாமாவைப் பிடித்தேன். நீங்களாவது காதோடு சொல்லுங்கள், மாமிக்குத் தெரியவேண்டாம் என்றேன். மாமா காலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை விஜி. என்னைப் பொறுத்தவரைக்கும்னா இப்பவே சொல்லிடுவேன். ஆனா பின்னாடி எனக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட அவ தூங்கமாட்டா. அந்த ஒரு வருஷம் அவ பட்டது போதும். அவளா சொன்னா சொல்லட்டும். இல்லேன்னா கால் போனாப் போறது."

இப்படியும் ஒரு தம்பதி! அவருக்காக அவள் வாயைத் திறக்கமாட்டாள், அவளுக்காக இவர் திறக்கமாட்டார். நடுவில் கால் அழுகிக்கொண்டிருந்தது. இரண்டு பேரையும் ஓர் அறைக்குள் தள்ளிப் பூட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது எனக்கு.

மார்கழியில் காய்ச்சல் வந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இந்த மாதத்துக்குள் ஆபரேஷன் நடக்காவிட்டால் காலை மட்டும் எடுத்தால் போதும் என்றுகூடத் தன்னால் உறுதி சொல்லமுடியாது என்றார். மறுநாள் காலை நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது, மடிசார் கட்டி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு மாமி என் வாசலில் நின்றாள்.

"ஜல்தி வா. நான் மனசு மாறிடறதுக்குள்ள போயிடணும்."

ஆட்டோ பிடித்துக் கன்டோன்மென்ட்டுக்குப் போனோம். சுபேதார் நாற்காலி போட்டு உட்காரவைத்து, "மாதாஜி, நாம்?" என்று பெயரைக் கேட்டார். மாமி தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கையில் இறுக்கிப் பிடித்தபடி உதட்டை அசைத்தாள். சத்தமே வரவில்லை. சுபேதார் காதை நீட்டினார். மாமி கண்ணை மூடிக்கொண்டு, காய்கறி வண்டிக்காரனைக் கூப்பிடும் குரலில் ஒரே மூச்சாகக் கத்தினாள்.

"வெங்கடேஸ்வரன்!"

டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மாமி என் கையைப் பிடித்தாள்.

"விஜி, ஆத்துக்குப் போகணும்."

மற்ற விவரங்களை நான்தான் அவசர அவசரமாக எழுதிக்கொடுத்தேன். திரும்பும் வழியெல்லாம் மாமி ஆட்டோக்காரனை ஜல்தி ஜல்தி என்று விரட்டிக்கொண்டே வந்தாள். இறங்கியதும் அத்தனை படியையும் ஓடியே ஏறினாள். மாமா மொட்டைமாடி வெயிலில் கட்டிலில் சாய்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னுமா உரிச்சு முடிக்கலை?" என்று ஒரு அதட்டல் போட்டாள் மாமி. பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். மாமா அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். எங்கே போய்வந்தாள் என்று அவர் கேட்கவே இல்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது, கீழே இறங்கிப் போய்விட்டேன்.

அவசரம் என்று சுபேதார் டெலிபோனிலேயே விசாரித்தார். இந்தத் தடவை ஆள் அகப்பட்டார். படையில் சேர்ந்தது, குதித்தது, பிடிபட்டது, விடுதலையானது, இடது கால் எலும்பு முறிந்தது எல்லாம் இருந்தது. பழைய பெயரும் புதுப் பெயரும் ஒருவரே என்று மாமியும் டாக்டரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்க்க உத்தரவாயிற்று, பழைய பெயரில்தான்.

சேர்க்கிற அன்று நீளமான தாழ்வாரத்தில் பெஞ்சு பெஞ்சாக ஆட்கள். மாமாவுக்கு இந்தப் பக்கம் மாமி, அந்தப் பக்கம் நான். வார்டு சிப்பாய் ஒருவன் வந்து உரக்கக் கூப்பிட்டான்.

"வெங்கடேஸ்வரன்!"

மாமா அசையவில்லை. அம்மாவுக்குச் செய்த சத்தியம். சிப்பாய் மறுபடியும் கூப்பிட்டான். மாமா சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிப்பாய் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த பெயருக்குப் போகப் பார்த்தான்.

மாமி துள்ளி எழுந்தாள்.

"ஹை! இதர் ஹை! ஜிந்தா ஹை!"

இங்கேதான் இருக்கிறார், உயிரோடு இருக்கிறார் என்று அந்தத் தாழ்வாரமே அதிர மூன்று தரம் கத்தினாள். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மாமி சிரிக்கவில்லை. மாமாவின் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தி, அந்தச் சிப்பாயிடம் ஒப்படைத்தாள்.