சியாகுல்லி ஸ்டேஷன் வாசலில் நின்றவர்

பேய் பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் வைக்கிற ஆள் நான். இதையும் பேய்க்கதை என்று சொல்ல வரவில்லை, நடந்ததைச் சொல்கிறேன், நம்புவது உங்கள் விருப்பம்.

இத்தாலியில், பலேர்மோ நகரத்தின் ஓரத்தில், சியாகுல்லியில், தொண்ணூறு வயதான ஒரு அம்மாவை, இங்கத்தைய வழக்கத்தில் சிஞ்ஞோராவை, பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. வீட்டுக்கு எதிரே மூடிக்கிடக்கிற சின்ன ரயில் ஸ்டேஷன். சிஞ்ஞோரா பிறந்ததே அதன் மேல்மாடியில்தான், அவருடைய அப்பா அங்கே ஸ்டேஷன் மாஸ்டர். ஒருகாலத்தில் தோட்டத்து மண்டரின் தோடம்பழமெல்லாம் அங்கிருந்துதான் ரயிலேறுமாம். பிறகு லொறிகள் வந்தன, ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசி ரயில் போன பிறகும் அப்பா ஒரு கிழமை ஸ்டேஷன் மாஸ்டர் கோட்டைப் போட்டுக்கொண்டு போய் நின்றார் என்று சிஞ்ஞோரா சொல்வார்.

போன ஆகஸ்ட், மத்தியானம் இரண்டு மணி. மாடியில் உடுப்புக் காயப்போட்டுவிட்டு இறங்கினால் கட்டிலில் ஆளில்லை, வாசல் கதவு திறந்து கிடக்கிறது. அந்த வெயிலில் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. கூப்பிட்டுக்கொண்டே பஸ் நிற்கிற இடம்வரை ஓடினேன், தோட்டத்துக்குள் ஓடினேன், எங்கேயும் இல்லை. அழுதுகொண்டு திரும்பி வரும்போது ஸ்டேஷன் வாசலில் ஒருவர் நின்றார். கறுத்தக் கோட்டு, அந்த வெக்கையிலும் கழுத்துவரை பொத்தான் பூட்டியிருந்தது.

"தங்கச்சி, என்ரை பிள்ளை பின்னாலை விழுந்து கிடக்குது. கெதியா போங்கோ."

யார் எவர் என்று கேட்கத் தோன்றவில்லை, ஓடினேன். கட்டடத்தின் பின்னால், முள்ளுப் பற்றைக்குள் சிஞ்ஞோரா, நாக்கு வறண்டு, கண் செருகிக் கிடந்தார். நிழலுக்கு இழுத்து, சால்வையை நனைத்துத் துடைத்து, அம்புலன்ஸைக் கூப்பிட்டேன். இன்னும் கால் மணித்தியாலம் பிந்தியிருந்தால் தப்பியிருக்கமாட்டார் என்று டாக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் சிஞ்ஞோராவின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த மனிதருக்கு நன்றி சொல்லவேண்டும், ஆள் எப்படி, என்ன சொன்னார் என்று கேட்டார். சொல்ல வாயெடுத்தேன். அவர் சொன்னதை இத்தாலியனில் மாற்ற வேண்டியிருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவர் என்னோடு கதைத்தது தமிழில். எங்கள் யாழ்ப்பாணத் தமிழில். அந்தப் பக்கத்தில் தமிழ் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

சிஞ்ஞோரா இப்போது சுகமாகத்தான் இருக்கிறார். நான் கடைக்குப் போகும்போது அந்த வாசலைக் கடக்கவேண்டும். பகல்தான், ஆனாலும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. "பிள்ளை சுகமா இருக்கிறா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நடந்துவிடுவேன்.