என்னைத் தேற்றிய குரல் யாருடையது?

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, அரை அரிசி அளவுள்ள ஒரு இரும்புத் துண்டால் ஐந்து நாட்கள் என்னால் ஜெபிக்க முடியாமல் போனது. முழங்கால் போடுவேன், வாய் அசையும், மனசு வராது. சோறு இறங்கவில்லை. ஊழியத்துக்கு முதல் ஆளாக ஓடுகிறவள், ஆண்டவர் பக்கம் முகத்தைத் திருப்பவே பயந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் மறைத்தது ஒரு ஊசி முனையைத்தான். அதற்கே இந்தப் பாடு.

என் பெயர் ரூபி. சொந்த ஊர் உடன்குடி பக்கம். கல்யாணமாகி வந்து பதினாறு வருஷமாகத் திருப்பூர்தான், பல்லடம் ரோட்டில் ஒரு லைன் வீடு. என் கணவர் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறார். நான் ஓவர்லாக் டெய்லர். குழந்தைகள் டி-சர்ட்டுக்குக் கழுத்துப் பட்டி வைத்துத் தைக்கிறது என் வேலை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு குணம் உண்டு. எதையும் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடமாட்டேன். வீட்டு மிக்சியைப் பிரித்துத் திரும்ப மாட்டத் தெரியாமல் திட்டு வாங்கியிருக்கிறேன். இந்தக் குணத்தைத்தான் கர்த்தர் அந்த ஐந்து நாளில் பயன்படுத்தினார் என்று நம்புகிறேன்.

போன வருஷம் ஆகஸ்ட் மாதம். எங்கள் சபையில் பாஸ்டர் ஆவிக்குரிய போராட்டத்தைப் பற்றித் தொடர்ந்து பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். நான் நோட்டுப் போட்டு எழுதினேன். போராட்டம் என்றால் வியாதி, செய்வினை, பிசாசு பிடித்தவர்கள் அலறுவது, இப்படித்தான் நினைத்திருந்தேன். அது என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும் என்று நினைக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் என் ஊசி உடைந்தது.

பனியன் கம்பெனியில் ஊசி உடைந்தால் அது பெரிய காரியம். கையைத் தூக்க வேண்டும். சூப்பர்வைசர் காந்தத்தோடு வருவார். உடைந்த துண்டுகளையெல்லாம் பொறுக்கி, ஊசி நோட்டில் முழு ஊசியாகத் தெரியும்படி வரிசையாக வைத்து, மேலே டேப் ஒட்டி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கப்புறம்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும், வரிசையாக உட்கார்ந்து தைக்கிற எங்கள் லைனையே நிறுத்திவிட வேண்டும். அந்த ஆர்டரில் தைத்த அத்தனை பீஸையும், உள்ளே இரும்பு இருந்தால் காட்டிக்கொடுக்கிற மெஷினில் ஒவ்வொன்றாக ஓட்ட வேண்டும். எங்களுடையது சின்ன யூனிட், அந்த மெஷின் இல்லை. அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய கம்பெனிக்கு எடுத்துப் போய்த்தான் ஓட்டி வர வேண்டும்.

அன்றைக்குக் காலையிலிருந்து கரண்ட் போய்ப் போய் வந்தது. வேலை பின்தங்கிவிட்டது. ஓனர் இரண்டு தடவை வந்து எல்லோரையும் சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார். என் ஊசியில் இரண்டு துண்டு கிடைத்தது. முனை கிடைக்கவில்லை. தரையில் தடவினேன், மடியை உதறினேன், பீஸைத் திருப்பிப் பார்த்தேன். இல்லை. பின்னால் இருக்கிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்க்கிறார்கள்.

என் டிராயரில் வளைந்துபோன பழைய ஊசி ஒன்று கிடந்தது. திருப்பிக் கொடுத்திருக்க வேண்டியது. நூல் முடிச்சு பிரிக்க உதவும் என்று வைத்திருந்தேன். குறடால் அதன் முனையை ஒடித்து, மற்ற இரண்டு துண்டோடு சேர்த்து வைத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சூப்பர்வைசர் சுமதி வந்தாள். அவிநாசிக்காரி, என்னைவிடப் பத்து வயது சின்னவள். “அக்கா, எல்லாம் கெடச்சுருச்சுங்களா?” என்றாள்.

“கெடச்சிட்டு சுமதி.”

சேர்த்து வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை என்று தெரிந்திருக்கும். அவள் பார்க்கவே இல்லை. “நீங்க குடுத்தா அதுக்கு மேல நான் என்னத்தப் பாக்கோணுங்க்கா?” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். லைனில் எனக்கு ஜெபக்காரக்கா என்று பெயர். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அந்தப் பெயர்தான் அன்றைக்கு எனக்குக் கைகொடுத்தது. எவ்வளவு கேவலம் பாருங்கள்.

சாயங்காலம் பஸ்ஸில் ஏறியதும் ஆரம்பித்தது. அந்த டி-சர்ட் ஒரு வயதுக் குழந்தை போடுகிறது. கழுத்து மடிப்புக்குள் முனை இருந்தால்? வீட்டுக்கு வந்து குழம்பு வைத்தேன். ஒரு வாய் வைத்ததும் என் கணவர், “ஏட்டி, என்ன ஆச்சு ஒனக்கு? கொழம்புல உப்பே இல்ல, புளியும் இல்ல, வெறும் வெந்நீயா இருக்கு” என்றார். தலைவலி என்று சொன்னேன். தலை வலிக்கத்தான் செய்தது, அதனால் அது பொய் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். மனசில் ஒரு பயம் இருக்கிறது, ஜெபியுங்கள் என்றேன். என்ன பயம் என்று சொல்லவில்லை. ஜெபக்குழு நடத்துகிற ரோஸ்லின் அக்கா என் தலையில் கை வைத்துப் பயத்தின் ஆவியைக் கட்டிக் கட்டித் துரத்தினார். சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. நானும் சேர்ந்து கத்தினேன். முடிந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தால் பயமும் கூடவே இறங்கி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதைவிட மோசம். சாட்சி சொல்கிறவர்கள் சொல்லலாம் என்றார் பாஸ்டர். வழக்கமாக முதலில் எழுந்திருக்கிறவள் நான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து நின்றேன். கர்த்தர் என் தலைவலியை நீக்கிச் சுகம் கொடுத்தார் என்று சாட்சி சொன்னேன்! எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஆராதனை முடிந்ததும் ஒரு தங்கச்சி தன் குழந்தையை என் மடியில் விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். பனியன் துணிச் சட்டை போட்டிருந்தது குழந்தை. என் விரல் தானாகவே அதன் கழுத்துத் தையலைச் சுற்றித் தடவிப் பார்த்தது. அவள் திரும்பி வந்து, “என்னக்கா பாக்கறீங்க?” என்று கேட்டாள். “தையல் நல்லா இருக்கேன்னு பாத்தேன்” என்றேன். சபைக்குள்ளேயே மறுபடி ஒரு பொய். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. என்னால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது என் பழைய குணம் தலைதூக்கியது. இந்தச் சண்டையைப் பிரித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. எனக்குள் இரண்டு குரல் பேசுகிறது. ஒன்று இதமானது, தேற்றுகிறது. இன்னொன்று உறுத்துகிறது. நான் முதல் நாளிலிருந்தே, தேற்றுகிறது ஆண்டவர், உறுத்துகிறது சத்துரு என்று முடிவு கட்டியிருந்தேன். நம்மைக் குற்றப்படுத்துகிறவன் அவன்தானே என்று எனக்கு நானே பிரசங்கமும் செய்துகொண்டேன். அந்த முடிவு சரிதானா என்று ஒரு தடவைகூடச் சோதிக்கவில்லையே?

சோதித்தேன். தேற்றுகிற குரல் என்னென்ன சொன்னது என்று யோசித்தேன். வியாழக்கிழமை, முனை தரையில்தான் விழுந்திருக்கும் என்றது. வெள்ளிக்கிழமை, அயர்ன் போடும்போது உதிர்ந்துவிடும் என்றது. ஞாயிற்றுக்கிழமை, நீ சொன்னால் சபைக்கு அவமானம், கர்த்தருடைய நாமம் தூஷிக்கப்படும் என்றது. திங்கட்கிழமை, பெட்டியெல்லாம் கட்டியாயிற்று, இனி சொல்லி என்ன ஆகப் போகிறது என்றது. எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது. பக்தியாகக்கூட இருந்தது. ஆனால் தினம் ஒரு காரணம்! உறுத்துகிற குரலோ நான்கு நாளும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னது. சுமதியிடம் சொல். அவ்வளவுதான். மிரட்டவும் இல்லை, திட்டவும் இல்லை.

லீவு போட்டுவிட்டு வருகிற டெய்லர்களைச் சுமதி எப்படிப் பிடிப்பாள் தெரியுமா? மறுபடி மறுபடி காரணம் கேட்பாள். உண்மை சொல்கிறவர்கள் அதையே சொல்வார்கள். பொய் சொல்கிறவர்கள் கதையை மாற்றுவார்கள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்குச் சட்டென்று விளங்கியது. இத்தனை நாளும் நான் ஆண்டவரைக் கட்டித் துரத்திக்கொண்டு, சத்துருவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்டக்டர், “ஏனுங்க அம்மணி, உக்காருங்க” என்று ஒருவரை எழுப்பி இடம் வாங்கிக் கொடுத்தார்.

அதுவரை, முனை யாரையும் குத்தாமல் நீர் பார்த்துக்கொள்ளும் என்றுதான் ஜெபித்திருந்தேன். அந்த சீட்டில் உட்கார்ந்து முதன்முறையாக வேறு ஜெபம் செய்தேன். ஆண்டவரே, எனக்குத் தைரியம் இல்லை, என் வாயை நீரே திறக்க வேண்டும் என்றேன். ஐந்து நாளில் அந்த ஒரு ஜெபத்துக்குத்தான் மனசும் கூட வந்தது.

அப்படியும் அன்று முழுவதும் என் வாய் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை விடிந்தது. மறுநாள் சரக்கு லாரியில் ஏறிவிடும். காலை டீ நேரத்தில் சுமதி தானாக வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நூல் கோன் மாற்ற வேண்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “சுமதி, வியாழக்கிழம நான் குடுத்த ஊசி முனை அந்த ஊசியோடது இல்ல” என்று வந்துவிட்டது. குரல் கொஞ்சமும் ஆடவில்லை. அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். என்னிடம் இருந்த சரக்கு இல்லை அது.

சுமதியின் முகம் வெளுத்துப் போனது. “அக்கா, நான் கையெழுத்துப் போட்டிருக்கேனுங்க்கா” என்றாள். அவளுக்கும் வேலை போகலாம் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. என் பெயரையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். இரண்டு பேரும் சேர்ந்தே ஓனரிடம் போனோம்.

“ஏனம்மணி, நாளைக்கு லாரிய வெச்சுக்கிட்டு இன்னைக்கு வந்து சொல்றீங்களே, நெனச்சாத் தலை சுத்துதுங்க” என்று ஆரம்பித்து, அவர் போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். கட்டிய பெட்டியெல்லாம் பிரித்து டெம்போவில் ஏற்றினார்கள். எங்கள் லைனில் ஒருவர்கூட என்னிடம் பேசவில்லை. ஒருத்தி மட்டும், “ஜெபக்காரக்கா நல்லாத்தான் ஜெபம் பண்ணியிருக்காங்க” என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

அந்தப் பெரிய கம்பெனியில் நானும் சுமதியும் நின்று ஒவ்வொரு பீஸாகப் பெல்ட்டில் வைத்தோம். போகிறது, வருகிறது, ஒன்றுமில்லை. மத்தியானம் வரை மெஷின் வாயே திறக்கவில்லை. பார்த்தாயா, தரையில்தான் விழுந்திருக்கிறது, வீணாக எல்லோரையும் கெடுத்தாய் என்று அந்த இதமான குரல் திரும்பவும் வந்தது. இந்தத் தடவை ஆள் யார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பேசாமல் அடுத்த பீஸை வைத்தேன்.

சாப்பாட்டுக்கு எழுந்திருக்கப் போகிற நேரத்தில் மெஷின் அலறிப் பெல்ட் நின்றது. மஞ்சள் நிறச் சின்ன டி-சர்ட். கழுத்துப் பட்டியைப் பிரித்தோம். உள்மடிப்பில், குழந்தையின் பிடரி படுகிற இடத்தில், என் ஊசி முனை செருகிக்கொண்டு நின்றது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஸ்தோத்திரம் சொல்லக்கூட வரவில்லை.

“அதான் வந்துருச்சுங்களே, மீதியையும் ஓட்டோணுமா?” என்று சுமதி கேட்டாள். மெஷின் பார்க்கிறவர், “எடுத்தது எடுத்தாச்சு, முழுசா ஓட்டிரலாமுங்க” என்றார்.

மூன்று மணி இருக்கும். பெல்ட் மறுபடி நின்றது.

நீல டி-சர்ட், கை மடிப்பு. அது நான் தைக்கிற இடமே இல்லை. எந்த லைன் தைத்தது என்று காட்டுகிற பண்டில் சீட்டும் அடுத்த லைனுடையது. பிரித்தால் உள்ளே இன்னொரு ஊசி முனை. சுமதி கையோடு கொண்டுவந்திருந்த ஊசி நோட்டை எடுத்துப் புரட்டினாள். அந்த லைனில் உடைந்ததெல்லாம் முழுசாக ஒட்டிக் கையெழுத்துப் போட்டிருந்தது. என்னைப் போல இன்னொருவரும் செய்திருக்கிறார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நான் கேட்டது என் வாய் திறக்க. கர்த்தரோ நான் கேட்காத இன்னொரு குழந்தையையும் சேர்த்துக் காப்பாற்றிக் கொடுத்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. ஐந்து நாள் இழுத்தடித்தவளுக்கே இவ்வளவு செய்கிறார்.

லாரி ஒருநாள் தாமதமாகப் போனது. என்னை மூன்று மாதம் நூல் வெட்டுகிற வேலையில் போட்டார்கள். சுமதியை எச்சரித்து விட்டுவிட்டார்கள், அதற்காகத் தனியாக ஸ்தோத்திரம் சொன்னேன். இப்போது அவள் ஒரு புது ஊசியைப் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்காமல் யாருக்கும் கையெழுத்துப் போடுவதில்லை. ஊசி உடைந்தால் தைரியமாகச் சொல்லுங்கள், சத்தம் போட மாட்டேன் என்று ஓனர் எல்லோரையும் கூட்டிச் சொன்னார். மறுநாளே பட்டன் கலருக்காகச் சத்தம் போட்டார், அது வேறு விஷயம். ஊசிக்காக இதுவரை போடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தலைவலிச் சாட்சியை வாபஸ் வாங்கிக்கொண்டு உண்மையைச் சொன்னேன். ரோஸ்லின் அக்கா கட்டிப்பிடித்து அழுதார். அப்புறம், “ஏனுங்க ரூபி, அப்போ அன்னைக்கு நாம எந்த ஆவிய அத்தன சத்தம் போட்டுத் தொரத்துனோம்?” என்று கேட்டார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இப்போது எங்கள் ஜெபக்குழுவில் பயம் என்று யாராவது சொன்னால் முதலில் என்ன பயம் என்று கேட்கிறோம்.

இரண்டாவது முனை யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை. ஓனரும் விட்டுவிட்டார். எனக்குத் தெரிந்துகொள்ள ஆசைதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கண்டுபிடிக்கிற வேலையைக் கர்த்தர் எனக்குக் கொடுக்கவில்லை. அந்த ஆளுக்காகத் தினமும் ஜெபிக்கத்தான் சொல்லியிருக்கிறார், பெயர் தெரியாமலே ஜெபிக்கிறேன். அவர் இதைப் படிப்பார் என்றால் ஒன்று சொல்கிறேன். அந்தச் சட்டையைப் போடவிருந்த குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் வாயைத் திறக்கும்படி ஆண்டவரிடம் கேளுங்கள், அவர் நிச்சயமாகச் செய்வார். தனியாகப் போகப் பயமாக இருந்தால் டீ நேரத்தில் என்னிடம் வாருங்கள். சுமதியிடம் இரண்டு பேருமாகப் போவோம்.